செம்பூருக்குப் பின்னால் ஓர் ஆப்பிரிக்கா

மாட்டுங்காவில் எனக்குத் தெரிந்த மாமி ஒருவரின் மகன் சென்ற ஆண்டு குடும்பத்தோடு கென்யா போய் வந்தார். வந்த கையோடு அத்தனை படங்களையும் டி.வி.யில் போட்டுக் காட்டினார். சிங்கத்துக்கு ஒரு "பேஷ்" போட்ட மாமி, யானையைப் பார்த்து "குருவாயூர் கேசவன் களை வருமோ?" என்று உதட்டைப் பிதுக்கினார். அடுத்து, ஏரி முழுக்க இளஞ்சிவப்பாய் ஒரு பறவைக் கூட்டம். மாமி நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஏண்டா, இதைப் பார்க்கவா கென்யா போனேள்? இது நம்ம சிவ்ரியில நிக்கறதேடா!"

மகன் சிரித்தார். மாமி சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டிய அவசியமும் இல்லை. கென்யாவின் போகோரியா ஏரியில் நிற்கும் சிறிய பூநாரையும், மும்பை தாணே கழியின் சேற்றில் நிற்கும் சிறிய பூநாரையும் ஒரே இனம். அங்கே பார்க்க பாஸ்போர்ட், தடுப்பூசி, ஜீப், வழிகாட்டி எல்லாம் வேண்டும். இங்கே ஹார்பர் லைன் டிக்கெட் போதும்.

"சரி மாமி, போய்ப் பார்த்துவிடுவோம்" என்றேன். மார்ச் மாதத்து ஞாயிறு ஒன்றில் நாலு பேர் கிளம்பினோம். மாமி, நான், தாராவியில் தோல் பை தைக்கும் அண்ணாச்சி, ஏழாவது படிக்கும் அவருடைய பேத்தி.

காலை ஆறேகால், மாஹுல்

அண்ணாச்சியும் பேத்தியும் சயானில் ஏறி, குர்லாவில் மாறி வந்தார்கள். மாமி குரு தேக் பகதூர் நகரில் ஹார்பர் வண்டி பிடித்தார். செம்பூர் ஸ்டேஷன் வாசலில் ஒரு கட்டிங் சாய். அங்கிருந்து ஆட்டோ.

மாஹுல் போகும் சாலை சஃபாரிக்குப் போகிற சாலை மாதிரியே இருக்காது. இரண்டு பக்கமும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் மதில். வரிசையாய் டேங்கர் லாரிகள். மூக்கில் ஏறி உட்காரும் எண்ணெய் வாடை. "இங்கயா தாத்தா?" என்று பேத்தி இரண்டு தடவை கேட்டுவிட்டாள்.

மதில் முடிகிற இடத்தில் கோலி மீனவர்களின் கிராமம். வலை காயும் சந்துகளைத் தாண்டினால் படகுத்துறை. அதற்கப்பால் தண்ணீர் இல்லை. கண்ணுக்கு எட்டிய வரை சாம்பல் நிறச் சேறு. ஓரத்தில் அலையாத்திப் புதர்கள். சேற்றில் விரல் நீளச் சின்ன மீன்கள் துடுப்பை ஊன்றித் துள்ளித் துள்ளிப் போகின்றன.

"ஓஹோட்டி" என்றார் துறையில் இருந்த மீனவர். மராத்தியில் அது நீர் வற்றும் நேரம். ஏறும் நேரத்துக்கு 'பர்தி' என்று பெயர். இந்த இரண்டு சொற்களையும் தெரிந்துகொள்ளாமல் பூநாரை பார்க்கப் போகாதீர்கள். நீர் வற்றினால் பறவைகள் சேற்றில் இறங்கி மேயும். ஏறினால் கரையோரமாக நெருங்கி வரும். இன்னும் ஏறினால் எழுந்து, கழிக்கு அக்கரையில் நவி மும்பைப் பக்கத்து நீர்நிலைகளுக்கு ஓய்வெடுக்கப் போய்விடும். ஆப்பிரிக்காவில் ஜீப் டிரைவரின் வாக்கிடாக்கி சொல்வதை இங்கே ஓத அட்டவணை சொல்லும்.

மீனவர் கை நீட்டிய திசையில், சேற்றுக்கும் வானத்துக்கும் நடுவே, யாரோ ரோஸ் நிறச் சாக்கட்டியால் ஒரு கோடு இழுத்த மாதிரி இருந்தது. சூரியன் கொஞ்சம் மேலே வந்ததும் அந்தக் கோட்டுக்குக் கால் முளைத்தது. பிறகு கழுத்து. அரை மணி நேரத்தில் நீர் ஏறத் தொடங்க, கோடு அப்படியே எங்களை நோக்கி நகர்ந்து வந்தது. ஆயிரக்கணக்கில் பறவைகள். கூட்டத்திலிருந்து எழும்பிய சத்தம் வாத்துப் பண்ணையின் இரைச்சலைப் போல இருந்தது. பின்புலத்தில் ஆலைப் புகைபோக்கிகள்.

மாமி ஒரு வார்த்தை பேசவில்லை. போனைக்கூட எடுக்கவில்லை.

தலைகீழ்ச் சாப்பாடு

"தாத்தா, யே தோ உல்டா கா ரஹா ஹை!" என்று கத்தினாள் பேத்தி. தலைகீழாகச் சாப்பிடுகிறதாம். சரியாகத்தான் பார்த்திருக்கிறாள்.

பூநாரை தலையைக் கவிழ்த்து, மேல் அலகு கீழே வரும்படி வைத்துத்தான் சாப்பிடும். நாக்கு பம்பு மாதிரி வேலை செய்யும். நீரும் சேறும் உள்ளே போகும். அலகின் ஓரத்தில் உள்ள மெல்லிய சல்லடைத் தகடுகளில் பாசி தங்கிவிடும். மிச்சம் வெளியே வந்துவிடும். நம் வீட்டில் டீ வடிகட்டுகிற கதைதான். மருந்துக் கடையில் மாத்திரையாக விற்கும் ஸ்பைருலினா ஞாபகம் இருக்கிறதா? ஆப்பிரிக்க உவர் ஏரிகளில் சிறிய பூநாரையின் முக்கிய உணவே அந்த வகைப் பாசிதான்.

நிறமும் சாப்பாட்டிலிருந்து வருவதுதான். பாசியில் உள்ள கரோட்டினாய்டு என்ற நிறமிகள் இறகில் சேர்ந்து சிவப்பாகின்றன. குஞ்சுகள் சாம்பல் நிறம். சிவக்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். கூட்டத்தின் நடுவே அழுக்குச் சட்டை போட்ட மாதிரி நின்றவை எல்லாம் இளசுகள்.

மும்பைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை சிறிய பூநாரைகள். மூன்று அடி உயரம், கருஞ்சிவப்பு அலகு. நடுநடுவே வெளுத்த உடலும் நாலடிக்கு மேல் உயரமும், நுனி மட்டும் கறுத்த ரோஸ் அலகுமாக நிற்பவை பெரிய பூநாரைகள். பழவேற்காட்டிலும் கோடியக்கரையிலும் நம் ஊர்க்காரர்கள் பார்ப்பது பெரும்பாலும் இந்தப் பெரிய இனத்தைத்தான். தனுஷ்கோடியில் இவற்றுக்காகவே 2025இல் தமிழ்நாடு அரசு ஒரு சரணாலயம் அறிவித்தது.

மராத்தியில் பூநாரைக்கு 'அக்னிபங்க்' என்று ஒரு பெயர் உண்டு. அக்கினிச் சிறகு. அப்துல் கலாமின் சுயசரிதை மராத்தியில் வந்தபோது அதற்கும் இதே பெயர்தான். ராமேஸ்வரத்துப் பிள்ளையின் புத்தகத்துக்கும், ராமேஸ்வரம் தீவின் முனையில் வந்து இறங்கும் பறவைக்கும் மும்பையில் ஒரே பெயர் அமைந்துவிட்டது.

ஆப்பிரிக்காவிலிருந்தா வருகிறது?

மும்பையில் பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். இல்லை. பெரும்பாலும் பக்கத்து மாநிலத்திலிருந்துதான். குஜராத்தின் கச்சு ரண் பகுதி பூநாரைகளின் பிரசவ விடுதி. உப்புச் சேற்றைக் குவித்துச் சின்னக் கோபுரம் மாதிரிக் கூடு கட்டி, அதன் உச்சியில் ஒரே ஒரு முட்டை. அந்தப் பாலைவனத்தின் நடுவிலுள்ள 'பூநாரை நகர'த்தைப் பற்றி கச்சு மன்னர் கெங்கார்ஜி 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வெளியுலகுக்குச் சொன்னார். பறவையியலாளர் சலீம் அலி 1945இல் அங்கே போய்ப் பார்த்தார்.

மும்பையிலுள்ள பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் 1883இல் தொடங்கியது. சலீம் அலி வாழ்நாளெல்லாம் உழைத்த இடம் அது. சங்கத்தினர் 2022இல் ஆறு பூநாரைகளின் முதுகில் செயற்கைக்கோள் கருவி பொருத்தி அனுப்பினார்கள். ஒன்றுக்கு சலீம் என்று பெயர், இன்னொன்றுக்கு கெங்கார்ஜி. குஜராத்துக்கும் மும்பைக்கும் அவை போய் வரும் தடம் அப்போது வரைபடத்தில் தெரிந்தது.

சரி, 1990களுக்கு முன்பு மும்பையில் ஏன் இந்தக் கூட்டம் இல்லை? ஆய்வாளர்கள் சொல்லும் காரணம் நமக்குக் கொஞ்சம் கூச்சம் தருவது. கழியில் கலக்கும் நகரத்தின் சாக்கடைதான். அதிலுள்ள சத்து சேற்றில் பாசியை வளர்த்தது. பாசி பூநாரையை அழைத்தது. நவம்பரில் வரத் தொடங்கி மே முடிய இருக்கும் இவற்றின் எண்ணிக்கை நல்ல ஆண்டுகளில் ஒரு லட்சத்தைத் தாண்டியிருக்கிறது.

"அப்ப நல்லதுதானே?" என்று கேட்டேன் மீனவரிடம். அவர் முகம் மாறவில்லை. "பட்சி கூடுது. எங்க வலையில மீன் குறையுது" என்றார் இந்தியில். ஒரே சாக்கடை. ஒருவருக்கு விருந்து, இன்னொருவருக்குப் பட்டினி.

ஆப்பிரிக்காவுக்கே போனாலும் இந்தப் பறவை நிச்சயமில்லை. கென்யாவின் நகுரு ஏரி ஒரு காலத்தில் பூநாரைக்கு உலகப் புகழ் பெற்றிருந்தது. 2010க்குப் பிறகு அங்கே நீர்மட்டம் ஏறி, உப்பும் பாசியும் நீர்த்துப்போக, பறவைகள் பெருமளவில் வேறு ஏரிகளுக்குப் போய்விட்டன. கிழக்கு ஆப்பிரிக்கச் சிறிய பூநாரைகளில் பெரும்பாலானவை முட்டையிடுவது தான்சானியாவின் நேட்ரான் என்ற ஒரே ஏரியில். சாப்பாட்டுக்கும் சரி, பிரசவத்துக்கும் சரி, இந்தப் பறவைக்கு விரல் விட்டு எண்ணக்கூடிய இடங்கள்தான் உண்டு. அதனால்தான் லட்சக்கணக்கில் இருந்தும் இதை 'அச்சுறுத்தலை நெருங்கும் இனம்' என்று உலகப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள்.

அண்ணாச்சியின் கேள்வி

நீர் நன்றாக ஏறிவிட்டது. ஒரு பகுதிக் கூட்டம் எழுந்தது. நிற்கும்போது வெளிர் ரோஸ்; சிறகு விரித்ததும் உள்ளே கருஞ்சிவப்பும் கறுப்பும். எங்கள் தலைக்கு மேலே போய்க் கிழக்கே திரும்பின. அண்ணாச்சி அதுவரை பேசாமல் சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா திருநெல்வேலியிலேர்ந்து தோல் ஷாப்பு வேலைக்கு வந்து எறங்கையில தாராவியும் இப்படித்தான் கெடந்துச்சாம் தம்பி. கழியும் சேறும். குப்பையக் கொட்டி, மண்ணப் போட்டு, மறுபடி குப்பையக் கொட்டி மெத்தித்தான் குடிசை போட்டாங்க. அப்ப நாங்க செஞ்சது தப்பாங்கீங்களா?"

யாராவது ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். மித்தி ஆறு கடலில் சேரும் கழியோரத்துச் சதுப்புதான் தாராவி. கோலி மீனவர்களின் ஊர். பிழைக்க வந்தவர்களுக்கு நகரம் வேறு இடம் தரவில்லை. யாருக்கும் வேண்டாத சேற்றைத் தந்தது. அதை அவர்கள் கையால் மேடாக்கினார்கள். குற்றம் என்றால் அது இடம் தராதவர்களுடையது.

கணக்கு அதோடு முடியவில்லை என்பதும் அண்ணாச்சிக்குத் தெரியும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸ் வானிலை மையத்தில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானது. இருபுறமும் நெருக்கப்பட்டிருந்த மித்தி ஆற்றுக்குப் போக வழியில்லை. "தையல் மிஷின் தண்ணிக்குள்ள. நாங்க மச்சுல. ரெண்டு ராத்திரி" என்றார் அண்ணாச்சி. சேறும் அலையாத்தியும் நகரத்தின் ஸ்பாஞ்சு என்பதை மும்பை அன்றைக்குத்தான் படித்தது. அலையாத்தியை வெட்டுவதற்கு பம்பாய் உயர் நீதிமன்றம் அதே ஆண்டில் தடை போட்டது.

இப்போது கேள்வி வேறு வடிவத்தில் வந்திருக்கிறது. தாராவி மறுசீரமைப்பில் இலவச வீட்டுக்குத் தகுதி பெறாதவர்களுக்கு வாடகை வீடு கட்ட, காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் பகுதிகளில் 255.9 ஏக்கர் உப்பளத்தை ஒதுக்க மாநில அரசு 2024இல் முடிவெடுத்தது. தாணே கழியின் மேற்குக் கரைதான் அந்த உப்பளங்கள். அப்பா ஒரு சேற்றை மெத்திக் கட்டிய இடத்திலிருந்து மகனை எடுத்து, இன்னொரு சேற்றை மெத்தி அங்கே வைப்பது. பூநாரைக்கு ஓரம் போகும். போகிறவர்களுக்கு அடுத்த பெருமழையில் என்ன போகும் என்று யோசிக்க வேண்டும். ஏழைக்கு வீடா, பறவைக்குச் சேறா என்று எதிரெதிரே நிறுத்துவது வசதியான பேச்சு. இரண்டு பேருக்குமே தண்ணீர் தேங்காத மும்பைதான் தேவை.

குப்பை மேட்டில் ஒரு காடு

பத்து மணிக்கு மாட்டுங்காவில் இட்லி, ஃபில்டர் காபி. மாமி பில்லை யாரையும் தொட விடவில்லை. அங்கிருந்து தாராவி.

சயான் – பாந்த்ரா இணைப்புச் சாலையில், தாராவி பஸ் டிப்போவுக்கு எதிரே மகாராஷ்டிரா நேச்சர் பார்க். வாசலைத் தாண்டி நாலு அடி வைத்ததும் ஹாரன் சத்தம் அடங்குகிறது. ஏறக்குறைய 37 ஏக்கர். நகரத்தின் குப்பையைக் கொட்டி மலையாக்கியிருந்த இடம் இது. குப்பை போடுவது நின்ற பிறகு, 1980களில் அதன் மேல் மரம் வைத்து, 1994இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். நீங்கள் மிதிக்கும் இலைச் சருகுக்குக் கீழே பழைய பம்பாயின் குப்பை இருக்கிறது. அதன் மேல் ஆலும் அரசும். செம்போத்து நடந்து போகிறது. குக்குறுவான் 'டொக் டொக்' என்று பாத்திரக்கடை வைத்திருக்கிறது. கடைசி வேலிக்கு அப்பால் மித்தியும் அலையாத்தியும்.

"பெறந்ததுலேர்ந்து எதிர்த்தாப்புலதான் இருக்கேன். உள்ள வந்தது இன்னிக்குத்தான்" என்றார் அண்ணாச்சி. பேத்திக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

அவளுக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது. "சஃபாரின்னா என்ன அங்கிள்? சஃபர் மாதிரியா?" ஆமாம், அதேதான். அரபியில் சஃபர் என்றால் பயணம். அது கிழக்கு ஆப்பிரிக்கக் கரையின் சுவாஹிலி மொழிக்குப் போய் சஃபாரி ஆனது. இந்தப் பக்கம் உருதுக்கும் இந்திக்கும் சஃபராகவே வந்தது. சயானிலிருந்து செம்பூர் வரை அவள் செய்ததும் சஃபாரிதான்.

"அப்ப சிங்கம் புலி?"

கூண்டு வண்டியில் உட்கார்ந்து பார்க்கிற சிங்கமும் புலியும் போரிவிலி சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் உண்டு. அவை மனிதப் பராமரிப்பில் இருப்பவை. உண்மையான காட்டு விலங்கைப் பார்க்க வேண்டுமென்றால் அதே பூங்காவின் சிறுத்தை. சுமார் 104 சதுர கிலோமீட்டர் காடு; உள்ளே இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான கன்ஹேரி குகைகள்; மும்பைக்குக் குடிநீர் தரும் விஹார், துளசி ஏரிகள். 2015 கணக்கெடுப்பில் அந்தக் காட்டிலும் சுற்றுப்புறத்திலுமாக 35 சிறுத்தைகள் அடையாளம் காணப்பட்டன. குடியிருப்பு ஓரத்துத் தெருநாய்கள் அவற்றின் உணவில் பெரும் பங்கு. அங்குள்ள வார்லிப் பழங்குடியினர் அவற்றை வாகோபா என்று கும்பிடுகிறார்கள். சிறுத்தை கண்ணில் படாது. பட வேண்டும் என்று ஆசைப்படவும் கூடாது. நாலு பேரும் அன்றைக்குப் போரிவிலி போகவில்லை.

பாலம், விமானம், பறவை

மாமி முதலில் சொன்ன சிவ்ரிக்கு வருவோம். ஒரு காலத்தில் பூநாரைக்குப் பேர்போன இடம் அதுதான். 2018இல் கடல் பாலத்தின் வேலை அங்கிருந்து தொடங்கியது. 21.8 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலம், அடல் சேது, 2024 ஜனவரி 12இல் திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் சிவ்ரியில் கூட்டம் மெலிந்தது.

வடக்கே, கழியின் மேல்பகுதியில் 2015இல் 1,690 ஹெக்டேர் பரப்பில் பூநாரைச் சரணாலயம் அறிவித்தார்கள். 2022இல் அதற்கு, உலக முக்கியத்துவம் உள்ள சதுப்புநிலம் என்ற ராம்சார் அந்தஸ்தும் கிடைத்தது. காகிதத்தில் நல்ல பாதுகாப்பு. பூநாரைக்குக் காகிதத்தின் எல்லை தெரியாது. கழியில் நீர் ஏறினால் அது நெருல் பக்கத்து ஏரிகளுக்குத்தான் போகும். அவற்றில் பல சரணாலயத்துக்கு வெளியே இருக்கின்றன. 2024 மே 20 இரவு, தரையிறங்க வந்த ஒரு விமானத்தில் மோதி காட்கோபரில் 39 பூநாரைகள் செத்து விழுந்தன. ஓய்வெடுக்கும் ஏரிகளைத் தொந்தரவு செய்தால் பறவைகள் பாதை மாறி அலைகின்றன என்று இயற்கை ஆர்வலர்கள் அப்போது எச்சரித்தார்கள். 2025 அக்டோபரில் நவி மும்பையில் புதிய விமான நிலையமும் திறந்தாயிற்று. பறவை உட்கார இடம் விட்டால் விமானத்துக்கும் நல்லது.

நீங்களும் போக

நவம்பர் முதல் மே வரை போகலாம். பிப்ரவரி, மார்ச் உச்சம். அன்றைய ஓத நேரத்தை இணையத்தில் பாருங்கள். நீர் ஏறும் நேரத்தில், உச்சத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் கரையில் நில்லுங்கள். அந்த நேரம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். நேற்றுப் போனவர் சொன்ன நேரத்தை நம்பிப் போகாதீர்கள். படகில் அருகே போய்ப் பார்க்க ஐரோலியில் வனத்துறையின் கடலோரப் பல்லுயிர் மையத்தில் முன்பதிவு செய்யலாம். மாஹுலில் கேமராவை ஆலைகள் பக்கம் திருப்ப வேண்டாம். சேற்றில் இறங்கவே வேண்டாம். இடுப்பு வரை இழுக்கும். டிரோன் விட்டுக் கூட்டத்தைக் கிளப்புவது பாவம். சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுப்புவதற்குச் சமம்.

அன்றைக்கு எங்கள் நாலு பேர் செலவு, ரயில், ஆட்டோ, டிக்கெட், மாமி கொடுத்த டிபன் பில் எல்லாம் சேர்த்து, ஆயிரம் ரூபாயைத் தொடவில்லை.